களத்துமேட்டில் அறுபத்து மூன்று வீட்டுக்குப் பால் காய்ச்சியது

போன மாதம் அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. சென்னையின் மேற்குப் புறநகருக்கு வருங்காலத்தில் எத்தனை வீடு வேண்டும், அவை எங்கெங்கே வர வேண்டும் என்று ஒரு வரைவுத் திட்டம் தயாராகியிருக்கிறது. அதை மக்கள் முன்னால் வைத்து அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது விதி. விதியில் கருத்து என்று எழுதியிருக்கிறது. மண்டபத்தில் கிடைப்பது திட்டு.

இந்த மாதிரித் திட்டங்களைத் தயாரிக்கும் அலுவலகத்திலிருந்து நான் ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. திட்டு வாங்கும் வேலையிலிருந்து கௌரவமாக விலகிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்த அலுவலகத்தில் எனக்குப் பல வருடம் ஜூனியராக இருந்து, இப்போது பெரிய நாற்காலிக்கு வந்துவிட்ட கவிதா போன் பண்ணி, "சார், சும்மா வந்து முதல் வரிசையில உட்காருங்க. உங்க முகத்தைப் பார்த்தா எனக்குத் தைரியமா இருக்கும்" என்றாள். என் முகத்தைப் பார்த்துத் தைரியம் வந்ததாக என் மனைவிகூட இதுவரை சொன்னதில்லை. கிளம்பிப் போனேன்.

கூட்டத்தில் இரண்டு கட்சி. கட்டடம் கட்டுகிறவர்கள், "இந்த எண் போதவே போதாது" என்றார்கள். ஏரியைச் சுற்றிக் குடியிருப்போர் சங்கத்தார், "இந்த எண் ரொம்ப அதிகம், ஏற்கெனவே எங்கள் தெருவில் மழைக்காலத்தில் மீன் பிடிக்கலாம்" என்றார்கள். நடுவே ஆவடியிலிருந்து வந்த ஒருவர் மைக்கைப் பிடித்து, "எல்லாம் இருக்கட்டும். இந்த நம்பர் எங்கேருந்து வந்துச்சு? அதை முதல்ல சொல்லுங்க" என்று கேட்டார்.

கவிதா என்னைப் பார்த்தாள். அவள் பார்த்ததைப் பார்த்து மேடையில் இருந்த மற்றவர்களும் என்னைப் பார்த்தார்கள். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தேன்.

எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், நான் வேலையில் இருந்தபோது நாங்கள் போட்ட எண்ணின் வாரிசுதான் அது. அதைத்தான் எழுதப் போகிறேன். எண்ணை மட்டும் எழுத மாட்டேன். எழுதினால் யாராவது அதை எடுத்து இன்னொரு அறிக்கையில் போட்டுவிடுவார்கள். எங்கள் துறையில் எண்கள் பிறப்பது அப்படித்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்தது வரைவாளராக. முதல் வருடம் முழுக்க வண்ணம் பூசினேன். வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், தொழிற்சாலைக்கு ஊதா, விவசாயத்துக்கு இளம்பச்சை. கோடு தாண்டாமல், திட்டுத் திட்டாக இல்லாமல், ஒரே சீராகப் பூசக் கற்றுக்கொள்ள அவ்வளவு நாள் ஆனது. பச்சையின் மேல் மஞ்சள் பூசினால் பச்சை தெரியாமல் போக எத்தனை பூச்சு வேண்டும் என்று இரண்டாம் வருடம் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஒரே சொடுக்கில் வயல் வீடாகிவிடும். பயிற்சிக் காலம் இவ்வளவுதான்.

என்னை உருவாக்கியவர், அல்லது கெடுத்தவர், கேசவமூர்த்தி சார். இணை இயக்குநர். மெலிந்த மனிதர், வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. அவர் யாரிடமும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் "பார்ப்போம்" என்பார். அவர் உண்மையில் என்ன நினைக்கிறார் என்பது ஃபைலைக் கட்டும் நாடாவில்தான் தெரியும். ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தால் நாளைக்கே கையெழுத்தாகும். இரண்டு முடிச்சுப் போட்டால் அந்த ஃபைலுக்கு இனி விடிவில்லை. வெளியாட்கள் அவர் முகத்தைப் பார்த்து மனு கொடுப்பார்கள். நாங்கள் முடிச்சைப் பார்த்துப் பதில் சொல்வோம்.

கையெழுத்தும் அப்படித்தான். முதலில் பென்சிலில் போடுவார். கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றுவார். ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார். பிறகுதான் பென்சில் கோட்டின் மேல் பேனாவை ஓட்டுவார். "பென்சில்ல போட்டது நான். பேனாவுல போட்டா அரசாங்கம்" என்பார்.

அவருடைய பலவீனம் ஒன்றே ஒன்று. எண். யார் எதைச் சொன்னாலும், "நம்பர் எங்கே?" என்பார். ஒரு தடவை ஒரு எண் மேலே போய்விட்டால் அது இறங்கக் கூடாது. ஏறலாம், நிற்கலாம், இறங்கக் கூடாது. அவர் கடவுளை நம்புகிறாரா என்று எனக்குத் தெரியாது. இதை நம்பினார்.

நான் ஓய்வு பெறுவதற்குப் பல வருடம் முன்னால், ஒவ்வொரு வட்டாரமும் தனக்கு எத்தனை வீடு தேவை என்று இலக்கு வைக்க வேண்டும் என மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மக்கள்தொகை எவ்வளவு வளரும் என்பதை வேறு ஒரு பிரிவு கணித்து அனுப்பிவிட்டது. எங்கள் வேலை அதை வகுப்பது மட்டும். ஒரு வீட்டுக்கு எத்தனை பேர்?

"நாலு" என்றேன் நான். எப்போதும் நாலுதான்.

கவிதா அப்போதுதான் படிப்பு முடித்து வந்திருந்தாள். "சார், இப்பல்லாம் குடும்பம் சின்னதாயிடுச்சு. மூன்றரைன்னு போடணும்" என்றாள்.

கேசவமூர்த்தி சார் சிரிக்காமல் கேட்டார்: "அந்த அரை ஆள் எங்கேம்மா படுப்பான்?"

அதற்கு மேல் அன்று காலை முழுக்க விவாதம் நடந்தது. ஒவ்வொருவர் வீட்டிலும் எத்தனை பேர் என்று சார் மேஜையைச் சுற்றி விசாரித்தார். தட்டச்சர் வீட்டில் ஏழு பேர். கவிதா விடுதியில் தனி ஆள். என் வீட்டில் நாலு, மாமியார் வந்தால் ஐந்து. மாமியாரைச் சேர்ப்பதா என்று சிறிது நேரம் வாக்குவாதம். ஒரு வீட்டில் ஆள் குறையக் குறைய வீட்டின் எண்ணிக்கை ஏறும் என்பதால், கட்டடக்காரர்கள் பக்கம் சாய்கிறவர்களுக்கு மூன்றரை பிடித்தது, ஏரி பக்கம் சாய்கிறவர்களுக்கு நாலு பிடித்தது. கடைசியில் சார் தீர்ப்புச் சொன்னார்: "மூன்றே முக்கால். ரெண்டு தரப்புக்கும் நடுவுல."

நாலில் அந்தக் கால் ஆள் குறைந்ததால் எங்கள் வட்டாரத்துக்கு இன்னொரு சிற்றூர் அளவுக்கு நிலம் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஆவடிக்காரர் கேட்டாரே, எண் எங்கேயிருந்து வந்தது என்று. பெரும்பகுதி கணித்து வந்தது. மீதி, என் மாமியார் வந்ததும் வராததும்.

எண் முடிவானதும் நிலம் தேட வேண்டும். பட்டாபிராமிலிருந்து நெமிலிச்சேரி வழியாக வேப்பம்பட்டு வரைக்கும் என் பங்கு. முறை என்னவென்றால், ஊர் வரைபடத்தையும் நிலப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏரி, வாய்க்கால், சுடுகாடு, கோயில் நிலம் எல்லாவற்றையும் அடித்துவிட வேண்டும். அடிபடாமல் மிஞ்சும் அரசு நிலம் காலி. அதற்கு மஞ்சள்.

வேப்பம்பட்டைத் தாண்டி ஒரு இடம், பதிவேட்டில் களம் புறம்போக்கு என்று இருந்தது. அந்தக் காலத்தில் ஊர் பொதுவில் நெல் அடிக்க ஒதுக்கிய இடம். ஊரார் வாயில் அது களத்துமேடு. இப்போது அங்கே யார் நெல் அடிக்கிறார்கள்? வயலே இல்லை. ஆகவே காலி. கையேட்டில், தேவைப்பட்டால் நேரில் போய்ப் பார்க்கவும் என்று ஒரு வரி உண்டு. அது மே மாதம். தலைக்கு மேல் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தேவைப்படவில்லை என்று நானே முடிவு செய்து, சொடுக்கி மஞ்சளாக்கிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டேன். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு உகந்த இடம் என்று குறிப்பு வேறு எழுதினேன். அழகான கையெழுத்தில்.

எல்லைக்கல் பார்ப்பதற்காக அந்த இடத்துக்குப் போனது ஐந்தாறு மாதம் கழித்து. வேப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போய், கொஞ்சம் நடந்தேன். வரைபடத்தில் காலியாக இருந்த இடத்தில் ஒரு தெரு இருந்தது. இரண்டு பக்கமும் வீடுகள். சில சிமெண்ட் ஷீட், சில மச்சு, மேலே வட்டமாக டிவி ஆன்டெனா. வாசலில் பைக்குகள். வேறு எங்கோ வந்துவிட்டோம் என்று வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எப்படித் திருப்பினாலும் அதே இடம்தான்.

அடிபம்பில் ஒரு பெண்மணி தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. பிறகு தெரிந்தது, பேர் செல்வராணி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, அன்றைக்கு இரண்டாவது ஷிஃப்ட்.

"யாரு சார் ஓணும்?"

"இது களத்துமேடுதானே?"

"ஆமா. இன்னா விசயம்?" என்றபடி வரைபடத்தை எட்டிப் பார்த்தார். "இன்னாது இது, மஞ்சளா?"

"வீடு வரப் போற இடம்."

"எங்க வரப் போவுது?"

"இங்கதான்."

"இங்கதான் ஊடு கீதே சார்."

"பதிவேட்டுல காலின்னு..."

அவர் பம்பை விட்டுவிட்டு எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "யக்கா, இங்க வந்து கேளு! நாம அல்லாரும் காலியாம்!"

தெருவே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. முதலில் சிரிப்பை நிறுத்தியது அவர்தான்.

"சிரிச்சிகினு கேக்குறேன்னு நெனைக்காத சார். எங்கப்பா இந்தக் களத்துல நெல்லு அடிச்சவரு. கூலிக்கு அடிக்கிறவங்க அங்கியே ஓரமா குடிசை போட்டுக்கங்கன்னு ஊர்க்காரங்கதான் சொன்னாங்க. நெல்லு போச்சு. களம் போச்சு. நாங்க கீறோம். எம் பொண்ணு பன்னண்டாவது படிக்குது. பரீட்சை வர்ற நேரத்துல எங்க போவ சொல்ற?"

தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை எண்ணிக்கொண்டு நடந்தேன். அறுபத்து மூன்று வீடு. திரும்பி வரும்போது செல்வராணி ஒரு டம்ளர் டீ நீட்டினார். அவரை வீட்டைவிட்டுத் துரத்தும் காகிதம் என் அக்குளில் இருந்தது. டீயை வாங்கிக் குடித்தேன். எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது, அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்றேன். கேசவமூர்த்தி சார் பொறுமையாகக் கேட்டார்.

"எடுத்தா நம்பர் என்னாகும்?"

"கொஞ்சம் இறங்கும் சார்."

"இலக்குப் புத்தகம் அச்சாகி மேலே போயாச்சு ஏகாம்பரம். நம்பர் இறங்கக் கூடாது. இடத்தை ஒழிச்சுத் தர்றது நம்ம வேலை இல்லை, வேற ஆளுங்க பார்த்துப்பாங்க. பார்ப்போம்."

பார்ப்போம் என்றபடி நாடாவைக் கட்டினார். இரண்டு முடிச்சு.

அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு அதே நினைப்பு. இலக்கு எட்ட வேண்டிய கெடு நெருங்க நெருங்க, இடத்தை ஒழிக்கும் நோட்டீஸ் போகும். யாரிடம் போனாலும் பதிவேட்டைக் காட்டுவார்கள். பதிவேட்டில் அங்கே யாருமே இல்லை. இல்லாதவர்களுக்கு யார் இரக்கப்படுவது?

வழியைக் காட்டியது ஒரு படிவம். வருட முடிவில் ஒவ்வொரு வட்டாரமும் முன்னேற்ற அறிக்கை அனுப்ப வேண்டும். இடத்தின் பெயர், பரப்பு, இலக்கு, இதுவரை கிடைத்த வீடுகள், குறிப்பு என்று ஐந்து கட்டம். எங்கள் பக்கத்தில் நாலாவது கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை சைபர். ஒரு இடத்திலும் செங்கல் ஏறவில்லை. மற்ற வட்டாரங்களில் ஏதோ எழுதிவிட்டார்கள் என்று செய்தி வந்ததிலிருந்து, கேசவமூர்த்தி சார் ஒரு நாளைக்கு எத்தனை கிராம்பு மென்றார் என்பதற்குக் கணக்கில்லை.

நான் களத்துமேட்டுக்கு எதிரே அறுபத்து மூன்று என்று எழுதி கவிதாவிடம் நீட்டினேன்.

"சார், இது எப்படி வரும்? அந்த வீடெல்லாம் ஏற்கெனவே இருக்கு."

"எங்கே இருக்கு?"

"நேர்ல இருக்கே. நீங்கதானே போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னீங்க?"

"நேர்ல இருக்கறதை நாம எப்பம்மா கணக்குல எடுத்திருக்கோம்? நம்ம பதிவேட்டுல போன வருஷம் அங்கே சைபர். இந்த வருஷம் அறுபத்து மூணு. அது கூடுதலா இல்லையா?"

அவள் எங்கள் கொள்கைப் புத்தகத்தை எடுத்து, வீடு என்றால் என்ன என்ற விளக்கத்தைத் தேடினாள். தனி வாசல், சமைக்க இடம், ஒரு குடும்பம் வசிக்க வசதி. புதிதாகக் கட்டியிருக்க வேண்டும் என்று அதில் யாரும் எழுதி வைக்கவில்லை. புத்தகத்தை மூடினாள்.

"இருந்தாலும் சார், புதுசா ஒரு குடும்பத்துக்கும் வீடு கிடைக்கலையே. வீடு கூடினாத்தானே சப்ளை கூடும்? இது தப்பு."

"தப்புதான். ஆனா விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அறுபத்து மூணு வீட்டை இல்லேன்னு எழுதினது ஒரு தப்பு. இருக்குன்னு எழுதறது ஒரு தப்பு. ரெண்டுல ஒண்ணை நீயே பொறுக்கிக்கோ."

கவிதா நேர்மையான பெண். என் கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று சொல்லி, புதுப் படிவம் எடுத்து, அந்த எண்ணைத் தானே எழுதினாள்.

கேசவமூர்த்தி சார் படிவத்தைப் பார்த்தார். சைபர் வரிசையின் நடுவில் அறுபத்து மூன்று.

"எப்போ கட்டினது?"

"அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லை சார்."

என்னை ஏறிட்டுப் பார்த்தார். கிராம்பு கன்னம் மாறியது. ஜன்னலுக்கு வெளியே நெடுநேரம் பார்த்தார். "இதை மேலே அனுப்பிட்டா நாளைக்கு அந்த வீடுங்களை யாரும் தொட முடியாது, தெரியுமில்ல? தொட்டா நம்பர் இறங்கும்" என்றார்.

"தெரியாம போச்சே சார்" என்றேன்.

பென்சிலை எடுத்தார். பிறகு பேனாவை. ஃபைலுக்கு ஒரே ஒரு முடிச்சு.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் எங்கள் வட்டாரம் வேகத்தில் முதலிடம் பிடித்துவிட்டது. இலக்கு வைத்த முதல் வருடத்திலேயே குடியிருப்பு தயார் என்று மேலிடத்தில் ஒரே பேச்சு. செயலக அதிகாரி அம்மா ஒருவர், வெள்ளிக்கிழமை நேரில் வந்து புது வீடுகளைப் பார்க்கிறேன் என்று கடிதம் அனுப்பினார்.

கேசவமூர்த்தி சார் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் ஃபைல் நாடாவே கட்டாமல் திறந்து கிடந்தது. அவரிடம் அப்படி ஒரு நிலைமையை நான் பார்த்ததில்லை.

"ஏகாம்பரம், புது வீட்டுக்குப் போனா ஜனங்க என்ன பண்ணுவாங்க?"

"பால் காய்ச்சுவாங்க சார்."

"காய்ச்சச் சொல்லு" என்றார்.

செல்வராணியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். முப்பது வருடமாகக் குடியிருக்கும் வீட்டில் வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச வேண்டும், புதிதாக வந்தது போல இருக்க வேண்டும், அவ்வளவு செய்தால் இனி யாரும் வீட்டின் மேல் கை வைக்க முடியாது என்றேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ரொம்ப நேரம் சிரித்தார். சிரித்து முடித்ததும் பேரம் பேச உட்கார்ந்துவிட்டார்.

"காச்சலாம் சார். ஆனா புது ஊடுன்னா கதவுல நம்பர் இருக்கணும்ல?"

"இருக்கணும்."

"ஊட்டு வரி ரசீது இருக்கணும்ல?"

"இருக்கலாம்."

"தெருவுக்கு லைட்டு?"

"அதெல்லாம் என் கையில இல்லம்மா."

"அப்ப வர்ற அம்மா கேட்டா இன்னாத்த வச்சு புது ஊடுன்னு சொல்றது? பாலு மட்டும் பொங்குனா போதுமா? நம்பரும் ரசீதும் வரட்டும், காச்சுறோம்."

வீட்டு வரி கட்டியே தீருவேன் என்று ஒருவர் அடம்பிடித்து நான் பார்த்தது அதுதான் முதலும் கடைசியும். கேசவமூர்த்தி சார் ஊராட்சிக்குக் கடிதம் எழுதினார். பல வருடம் மனு கொடுத்தும் வராத கதவு எண், மூன்றே நாளில் அறுபத்து மூன்று வாசலிலும் நீலப் பெயிண்டில் வந்தது. ரசீதும் வந்தது. லைட்டு மட்டும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நான் போய்விட்டேன். தெரு முனையில் வாழை மரம். வாசலுக்கு வாசல் மாவிலை. பால் கடைக்காரர், வாங்கப் போனவரிடம் "இன்னாண்ணாத்தே, ஊர்ல அல்லாருக்கும் ஒரே நாள்ல கிரகப்பிரவேசமா?" என்று கேட்டுவிட்டு, இருந்த பாக்கெட்டையெல்லாம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அப்படியும் பத்தவில்லை. கடைசி ஏழெட்டு வீட்டில் தண்ணீரில் கொஞ்சம் பாலை ஊற்றிச் சமாளித்தார்கள்.

அதிகாரி அம்மா வந்தார். சுறுசுறுப்பான மனுஷி, கண்ணாடிக்குப் பின்னால் கூரான கண். முதல் இரண்டு வீட்டை வாசலில் நின்றே பார்த்தார். மூன்றாவது, செல்வராணி வீடு. உள்ளே வந்தார். அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தோம், கதவுச் சட்டத்தை மட்டும் யோசிக்கவில்லை. அதில் பென்சிலால் கோடு கோடாகப் போட்டிருந்தது. மகளின் உயரம். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் வகுப்பு. ஒண்ணாவது, ரெண்டாவது என்று ஆரம்பித்து மேலே போயிற்று.

அந்த அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒவ்வொன்றாகப் படித்தார். கேசவமூர்த்தி சார் கிராம்பை முழுங்கிவிட்டார் என்று நினைக்கிறேன், இருமினார்.

"பன்னிரண்டாவது வரைக்கும் போட்டிருக்கே. நீங்க குடிவந்து எத்தனை நாளாச்சு?"

செல்வராணி கண்கூட இமைக்கவில்லை.

"ராசியான ஊடும்மா. புள்ளைங்க சட்டுனு வளந்துடுது."

அந்த அம்மா செல்வராணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மேலே, புகையேறிக் கறுத்துப் போன அடுப்படிச் சுவரைப் பார்த்தார். நல்லவேளையாகப் பால் பொங்கியது. பொங்கி, அடுப்பில் வழிந்து, வீடு முழுக்க அந்த வாசனை. செல்வராணி இறக்கி, சர்க்கரை போட்டு, முதல் டம்ளரை அவர் கையில் கொடுத்தார். அந்த அம்மா நின்றபடியே முழுக்கக் குடித்தார்.

"பால் நல்லா இருக்கு" என்றார். "இந்தத் தெருவுக்கு ஏன் இன்னும் லைட் போடலை?"

அந்தக் கேள்வியைக் கேசவமூர்த்தி சாரைப் பார்த்துக் கேட்டார். பார்வைக் குறிப்பேட்டில், மக்கள் நிறைவாகக் குடியிருக்கிறார்கள் என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

ஜீப்பில் ஏறும் முன் கேசவமூர்த்தி சார் என் தோளைப் பிடித்துத் தனியே தள்ளிக்கொண்டு போனார். "ஏகாம்பரம், அந்த அடுப்படிச் சுவர்ல இருந்தது முப்பது வருஷத்துப் புகை."

"இருக்கும் சார்."

"வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கலாம் இல்ல? எல்லாத்தையும் நானே சொல்லணுமா?" என்றார்.

அவர்கள் போன பிறகு, வரைபடத்தை விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்து செல்வராணி வீட்டுக்குத் திரும்பினேன். அவர் அடுப்புக்கு முன்னால் தனியாக நின்றிருந்தார். வழிந்த பாலைத் துடைக்கவில்லை. முகத்தைப் பார்த்ததும் ஏன் திரும்பி வந்தோம் என்று ஆகிவிட்டது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார். இந்த ஊட்டுக்கு நாங்க பாலே காச்சுனதில்ல. ஓலைய எடுத்துட்டு ஷீட்டு போட்டப்பவும் இல்ல, செவுரு வச்சப்பவும் இல்ல. காச்சுனா ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிஞ்சா ஆபீசுக்குத் தெரியும்னு எங்கூட்டுக்காரரு வாணாம்னுட்டாரு. அவரும் போயிட்டாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏமாத்தத்தான் அடுப்பு மேல வச்சேன். பொங்குனதும் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

எனக்கும்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வரைபடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

களத்துமேட்டை யாரும் தொடவில்லை. வருடா வருடம் அறிக்கையில் அந்த அறுபத்து மூன்று கம்பீரமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த வரி ரசீதுகளை வைத்தே அவர்கள் மனு போட்டு, அலைந்து, களம் என்று இருந்ததைக் குடியிருப்பு நிலமான நத்தம் என்று மாற்ற வைத்து, பட்டாவும் வாங்கிவிட்டார்கள். லைட்டும் வந்தது.

இனி, அம்பத்தூர் மண்டபம். ஆவடிக்காரரின் கேள்விக்குக் கவிதா நேர்மையாகவே பதில் சொன்னாள். மக்கள்தொகையை வகுத்து வந்த எண், வகுத்ததில் கூடக்குறைய இருக்கலாம் என்றாள். பிறகு திரையில் புதுப் பட்டியல் வந்தது. வீடு கட்ட உகந்த காலி நிலங்கள். வரிசையாக மஞ்சள் கட்டங்கள்.

நடு வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து மைக்கை வாங்கினார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. குரலைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். செல்வராணி.

"மேடம், அந்தக் கடைசி எடம், நெமிலிச்சேரி தாண்டி வாய்க்கா ஓரம், காலின்னு போட்டுகீதே. யாராச்சும் போய்ப் பாத்தீங்களா?"

"அது வந்து... பதிவேட்டுல..." என்று ஆரம்பித்த கவிதா நிறுத்திக்கொண்டாள். மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை நான் விசிறியைப் பார்க்கவில்லை.

"எங்க அத்தை பொண்ணு அங்கதான் கீறா. இருவது ஊடு கீது. எத்தினி லிட்டர் பாலு ஓணும்னு இப்பவே சொல்லிடுங்க மேடம், கடையில சொல்லி வைக்கணும். அன்னிக்கி எங்களுக்குப் பத்தாம பூடுச்சு."

மண்டபத்தில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. கவிதா மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த பென்சிலை எடுத்துப் பட்டியலின் கடைசி வரியைச் சுற்றி வட்டம் போட்டாள். "நாளைக்குக் காலையில நானே நேர்ல வர்றேன்மா" என்றாள்.

என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் முழங்கையால் இடித்து, "ஏன் சார், அந்தம்மா பால் வியாபாரமா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, எங்க ஆபீஸ்ல கள ஆய்வு அவங்கதான்" என்றேன்.